பௌர்ணமியில் இறால் எழும்பாதா? சரக்குக்காரர் சொல்வது நிஜமா, சாக்கா?

காவேரிப்பட்டணம் மீன்கடை:

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் சின்னதாக ஒரு மீன்கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரில் பட்டணம் இருக்கிறதே தவிர கடலுக்கும் எங்களுக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். நான் பார்த்து வளர்ந்த தண்ணீர் தென்பெண்ணையும் கே.ஆர்.பி. டேமும்தான். கட்லா, ரோகு, ஜிலேபி என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்தே எத்தனை மணிக்குப் பிடித்தது என்று சொல்லிவிடுவேன், இறால் விஷயத்தில் மட்டும் மற்றவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்குச் சனி நள்ளிரவில் கடற்கரைப் பக்கத்திலிருந்து வண்டி வரும், தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு இறால். மூன்று வருடமாக ஒரே ஆளிடம்தான் வாங்குகிறேன், மனிதர் மோசமில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது நாலு பெட்டி கேட்டால் இரண்டு வரும், அதுவும் விலை ஏறி வரும். ஏன் என்றால் எப்போதும் ஒரே பதில்: "பௌர்ணமி வெளிச்சம்ணா, இறால் மேல எழும்பல, அடியிலயே கெடக்குது, வலையில விழமாட்டேங்குது." போன மே மாதத்தில் மட்டும் இரண்டு வாரம் இதைச் சொன்னார். அதில் ஒரு வாரம் எங்கள் ஊர் வானத்தில் பாதி நிலாகூட இல்லை.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். "கடலில் இருக்கிற சின்ன உயிரெல்லாம் ராத்திரியில் மேலே வரும், பகலில் கீழே போகும் என்று படித்திருக்கிறேன் அப்பா, அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்" என்கிறாள். அப்படி இறால் தினமும் மேலேயும் கீழேயும் போய்வருமா? நிலாவுக்கும் அதற்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா? அந்த ஆளிடம் சண்டை போடுவதென்றால் விஷயம் தெரிந்து போடலாம் என்றுதான் கேட்கிறேன்.

தர்மபுரியில் ஒரு நாகைக்காரன்:

அண்ணா, நான் நாகப்பட்டினம் பக்கம், பிழைப்புக்குத் தர்மபுரி. அப்பா விசைப்படகில் போனவர். உங்கள் ஆள் சொல்வது முழுப் பொய்யில்லை, ஆனால் "மேலே எழும்பல" என்பதைக் கேட்டு இறால் கடல்மட்டம் வரைக்கும் வந்து நிலாவைப் பார்த்துவிட்டுப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நாம் குழம்பு வைக்கிற அளவுள்ள இறால் தரையை ஒட்டி வாழ்கிறது. பகலில் சேற்றிலோ மணலிலோ புதைந்துகொள்ளும், இருட்டியதும் மண்ணை உதறிக்கொண்டு வெளியே வந்து இரை தேடும். தரையில் ஊர்ந்தபடி கொஞ்ச நேரம், எழும்பி நீந்தியபடி கொஞ்ச நேரம். கடற்கரைக்காரர்கள் எழும்புவது என்று சொல்வது இதைத்தான்.

சின்ன வயதில் அலுமினியச் சட்டியில் நாலு விரல்கடை மணல் போட்டுக் கடல்தண்ணி ஊற்றி உயிர் இறாலை விட்டு வேடிக்கை பார்ப்போம். வெயிலில் வைத்தால் முதலில் சுற்றிச்சுற்றி வரும். அப்புறம் ஓரிடத்தில் நின்று அடிக்காலால் மணலைப் பின்னால் தள்ளத் தொடங்கும், உடம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்து அசைத்து இறங்கும், கொஞ்ச நேரத்தில் மிளகு மாதிரி இரண்டு கண்ணும் மீசை நுனியும் மட்டும்தான் வெளியே. மூக்குப்பக்கத்து உறுப்புகளைச் சேர்த்து ஒரு குழாய் மாதிரி வைத்துக்கொண்டு அது வழியாக மேலே இருக்கிற தண்ணியைச் செவுளுக்கு இழுத்துக்கொள்ளும். அதே சட்டியை ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றுகூட மண்ணுக்குள் இருக்காது, கண் எல்லாம் தணல் மாதிரி மினுங்கும்.

இழுவை மடி தரையைத் தேய்த்துக்கொண்டு போகிற வலை. புதைந்து கிடக்கிற இறாலின் தலைக்கு மேலேயே அது போய்விடும். அதனால் வலையில் வரவில்லை என்பதற்குக் கடலில் இறால் இல்லை என்று அர்த்தமில்லை. பாக் நீரிணைப் பக்கம் பச்சை வரி போட்ட ஒரு புலி இறால் உண்டு, அது பகலில் நன்றாகப் புதைகிற ரகம், ராத்திரித் தொழிலில்தான் அதிகம் கிடைக்கும். வெள்ளை இறால் அப்படியில்லை, அவ்வளவாகப் புதையாது, கலங்கல் தண்ணியில் பகலிலும் கிடைக்கும். எங்கள் அப்பா நிலாவைப் பார்ப்பதைவிடத் தண்ணி கலங்கலா தெளிவா என்றுதான் முதலில் பார்ப்பார். மழை பெய்து ஆற்றுத்தண்ணி கடலில் சேர்ந்து சாயத்தண்ணி மாதிரி ஓடினால் இறாலுக்கு அதுவே இருட்டு, பௌர்ணமி அன்றைக்கும் பயப்படாது.

மீன்வளம் படித்தவன்:

மேலே நண்பர் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன், பாடம் எடுக்கிற மாதிரி இருந்தால் மன்னிக்கவும், கல்லூரியில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் இது.

உங்கள் மகள் படித்ததும் சரி, அது வேறு கூட்டம். மிதவை உயிர்கள், அதாவது நீரோட்டத்தின் போக்கில் போகிற பொடி உயிர்கள், அந்தியில் மேலே ஏறி விடியும்போது கீழே இறங்கும். உலகத்தில் தினசரி நடக்கிற இடப்பெயர்ச்சியில் எடை கணக்குப்படி இதுதான் மிகப் பெரியது. மேலே வருவது சாப்பாட்டுக்கு, ஏனென்றால் பாசி வெளிச்சம் விழுகிற இடத்தில்தான் வளரும். கீழே போவது உயிர் பிழைக்க, பகலில் மேலே நின்றால் கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன்கள் விட்டுவைக்காது. இது முதலில் கடலில் கண்டுபிடித்ததுகூட இல்லை, 1817இல் குவியே என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் ஏரியில் இருக்கிற தண்ணீர்ப்பூச்சி இப்படி ஏறி இறங்குவதை எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1942இல், அமெரிக்கக் கடற்படைக்காக சோனார் கருவியை வைத்துச் சோதித்தவர்களுக்கு நடுக்கடலில் தரை மாதிரி ஒரு எதிரொலி கிடைத்தது, அந்தத் தரை சாயங்காலம் மேலே ஏறியது, காலையில் இறங்கியது. கடைசியில் பார்த்தால் அது அடர்த்தியாகத் திரண்ட உயிர்க்கூட்டம்.

இறாலில் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்தது கூனி. உங்கள் சந்தையில் கருவாட்டுக்காரரிடம் படியில் அளந்து போடுவாரே, சென்னாக்கூனி, அதேதான். கரையோரக் கடலில் பகலில் அடியில் திரண்டு நிற்கும், ராத்திரி மேலே பரவும். பெரிய இறாலின் குஞ்சும் முதல் இரண்டு மூன்று வாரம் மிதவைதான். முட்டை கடலில் பொரிகிறது, குஞ்சு பல உருவம் மாறி, கடைசியில் இறால் மாதிரி ஆனதும் முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் போக வேண்டும். அரை விரல்கடைகூட இல்லாத உயிர், எதிர்நீச்சல் போட முடியாது. அது செய்கிற தந்திரம்தான் எனக்கு ஆச்சரியம். கடல்தண்ணீர் உயர்கிற ஏற்றம் வரும்போது, முக்கியமாக ராத்திரி ஏற்றத்தில், தரையை விட்டு எழும்பி நீரோட்டத்தில் ஏறிக்கொள்ளும். தண்ணீர் இறங்குகிற வற்றம் தொடங்கினால் தரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மறுபடி ஏற்றம், மறுபடி சவாரி. பஸ் கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் ஏறுவது, தர்மபுரிப் பக்கம் போனால் இறங்கி நிற்பது, அவ்வளவுதான். தலைக்கு மேல் தண்ணீர் ஏறினால் அழுத்தம் கூடும், அதை வைத்தே ஏற்றம் என்று தெரிந்துகொள்கிறது. நம் தமிழ்நாட்டுக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான், அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பிச்சாவரத்துக்குள்ளும் பழவேற்காட்டுக்குள்ளும் போய்ச் சேருகிறது.

நிலா விஷயம் நிஜம். ஆஸ்திரேலியாவில் கிங் இறால் பிடிக்கிற சில வளைகுடாக்களில் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தொழிலுக்கே போகமாட்டார்கள், வெளிச்சத்தில் இறால் வெளியே வருவது குறைந்து டீசல் காசுகூடத் தேறாது என்பதால். அதே நாட்டின் வடக்கே வாழை இறால் என்று ஒன்று, பட்டப்பகலில் கூட்டமாகத் திரண்டு தண்ணியைக் கலக்கிச் சேறாக்கும், சின்ன விமானத்தில் பறந்து அந்தக் கலங்கலைப் பார்த்து படகுக்குத் தகவல் சொல்வார்கள். ஆகவே "இறால்" என்று மொத்தமாகச் சொல்லி நிலாவின் மேல் பழி போட முடியாது, எந்த இறால் என்று கேளுங்கள்.

மகளுக்கு ஒரு வேலை: டேமில் ஆழமான இடத்தின் ஓரத்தில், நீங்களும் கூட நின்றுகொண்டு, மதியம் ஒரு தடவை, இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, ஒரே இடத்தில் மேல்தண்ணீரை ஒரே அளவு மொண்டு வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடலுக்குப் போகாமலே விடை கிடைக்கும்.

பென்னாகரம் வாத்தியார்:

இறால் என்றதும் எல்லாரும் கடலுக்கு ஓடிவிட்டீர்கள், நம் மாவட்டத்துக் காவிரியை யாரும் நினைக்கவில்லை. ஆற்று இறாலுக்கும் ஒரு போக்குவரத்து உண்டு, அது மேலே கீழே அல்ல, ஆற்றோடு. தாய் இறால் வயிற்றுக்கடியில் முட்டையைச் சுமந்துகொண்டு முகத்துவாரம் பக்கம் போகும், ஏனென்றால் ஆற்றில் வாழ்கிற இறாலாக இருந்தாலும் குஞ்சுக்கு முதலில் உப்பு கலந்த தண்ணீர் வேண்டும். வளர்ந்த குஞ்சு பிறகு கரையோரமாக ஆற்றை எதிர்த்து மேலே வரும், பெரும்பாலும் ராத்திரியில். 1934இல் மேட்டூர் அணை வந்தபிறகு அந்த வழி அடைந்துவிட்டது. ஒட்டனூர், நாகமரை பக்கம் அணைத்தண்ணீரில் இறால் வேண்டுமென்றால் பொரிப்பகத்துக் குஞ்சைக் கொண்டுவந்துதான் விட வேண்டும்.

கேள்விக்கு இது பதில் இல்லை, தெரியும். ஒகேனக்கல்லில் வறுத்த மீன் சாப்பிடும்போதெல்லாம் பையன்களுக்குச் சொல்கிற கதை, இங்கேயும் சொல்லிவிட்டேன்.

அரூர் தம்பி:

அண்ணா, எல்லாரும் நல்லாத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு வார்த்தையை யாரும் கவனிக்கவில்லை. மே மாதம் என்றீர்களே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகும் ஃபைபர் படகும் போகும், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அந்தச் சரக்கு அங்கேயே தீர்ந்துவிடும், வாராவாரம் காவேரிப்பட்டணம் வரைக்கும் பெட்டி கட்டி வருமா? உங்கள் ஆள் எந்த வலையில் விழவில்லை என்கிறார்?

நான் அரூர்க்காரன், நான்கு வருடமாகச் சீர்காழி பக்கம் ஒரு இறால் பண்ணையில் சூப்பர்வைசர். உங்களுக்கு வருவது குட்டையில் வளர்த்த வனாமியாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். இது நம் கடல் இறாலே இல்லை, அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரைக்காரன், 2009இல்தான் இந்தியாவில் வளர்க்க அனுமதி கொடுத்தார்கள். புலி இறாலை மாதிரி இது தரையோடு ஒட்டிக் கிடக்காது, தண்ணீரின் நடுமட்டத்திலும் நீந்தும், பகலிலும் சாப்பிடும். தீனி போட்டுவிட்டு, தின்கிறதா என்று பார்க்க வைக்கிற செக் ட்ரே தட்டைத் தூக்கிப் பார்த்தால் பட்டப்பகலில் துள்ளும். நாங்கள் பிடிக்கிறபோது தண்ணியை இறக்கி வலை போட்டு அள்ளிவிடுவோம், நிலா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

குட்டையில் இறால் மேலே வந்தால் எங்களுக்கு அடிவயிறு கலங்கும். விடியற்காலை மூன்றரை நாலு மணிதான் மோசமான நேரம். ராத்திரி முழுக்கப் பாசியும் இறாலும் எல்லாம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும், புதிதாக உண்டாக்க வெயில் கிடையாது. தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டர் ஒன்று நின்றுபோனால் போதும், லிட்டருக்கு நான்கு மில்லிகிராம் இருந்தது மூன்றுக்குக் கீழே இறங்கும், டார்ச் அடித்தால் கரையோரமாக மேல்தண்ணியில் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் ஏரியில் கட்லா விடியற்காலையில் வாய் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

ஆனால் அண்ணா, சண்டைக்குப் போகும் முன்னால் இன்னொன்று. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இறால் மோல்டிங் ஆகும் என்பது பண்ணையில் எல்லாரும் பார்த்து வைத்திருக்கிற கணக்கு. ஓடு உரித்த இறால் மெத்துமெத்தென்று இருக்கும், ஏஜெண்டு அதை சாஃப்ட் என்று விலையைக் குறைப்பார், எடையும் தேறாது. அதனால் அந்த நாட்களில் பிடிப்பைத் தள்ளிப்போடுவோம். சரக்கு குறைந்ததற்கு நிலா காரணமாகவே இருக்கலாம், அவர் சொன்ன காரணம்தான் வேறு.

பெட்டியைத் திறந்ததும் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு, கால் வெளுப்பு, கூடவே ஒரு குட்டி நண்டோ வேறு ரகமோ ஒன்றுகூட இல்லை என்றால் குட்டைதான்.

காவேரிப்பட்டணம் மீன்கடை:

எல்லாருக்கும் நன்றி, தம்பிக்குத் தனி நன்றி. இந்த ஞாயிறு பெட்டியைத் தட்டில் கொட்டி மகளையும் கூப்பிட்டு எண்ணினோம். கிலோவுக்கு 52, அடுத்த கிலோ 51. நண்டு இல்லை, சிப்பி இல்லை, கண்ணாடி மாதிரி எல்லாம் ஒரே வார்ப்பு. மூன்று வருடமாகக் கடல் இறால் என்று எழுதி வைத்திருக்கிறேன், போர்டு வேறு.

போன் போட்டுக் கேட்டேன். கொஞ்சம்கூடக் கூசாமல் சிரித்தார். "ஆமாண்ணா, குட்டைச் சரக்குதான், கடல்னு சொன்னாத்தான் உங்க பக்கம் எடுக்கறாங்க." அப்போது பௌர்ணமி? "பண்ணைக்காரன் சாஃப்டுன்னு சொல்லிப் பிடிக்கமாட்டேங்கறான், அத விளக்கிச் சொன்னா உங்களுக்குப் புரியவா போகுது, அதான் நிலாவச் சொன்னேன்." பாதி நிலா வாரத்தைப் பற்றிக் கேட்டதும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். ஆளை மாற்றப்போவதில்லை, சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது, போர்டில் "கடல்" என்ற வார்த்தைக்கு மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தாயிற்று.

சனிக்கிழமை டேமுக்கும் போனோம். மதியம் வடிகட்டிய துணியில் பச்சையாக லேசான கறை, அவ்வளவுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு அதே படியில் உட்கார்ந்து அதே குடத்தில் பத்துத் தடவை மொண்டு ஊற்றினோம், துணியில் ரவையைத் தூவின மாதிரி இருந்தது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு ரவையும் துடிக்கிறது. மகள் துணியை மறுபடி தண்ணீரில் அலசிவிட்டுத்தான் வந்தாள்.

தர்மபுரியில் ஒரு நாகைக்காரன்:

கடல் இறாலே வேண்டுமென்றால் சொல்லுங்கள் அண்ணா, தடை முடிந்து படகு இறங்கட்டும், ஊரில் விசாரித்துச் சொல்கிறேன். ஆனால் அளவு கலந்துதான் வரும், நடுவில் நண்டும் வரும், மண்ணும் இருக்கும், "இது என்ன குப்பை" என்று உங்கள் ஆட்கள் கேட்டால் என்னைத் திட்டக்கூடாது.

அரூர் தம்பி:

52 கவுண்டா, நல்ல சரக்கு, எங்களுடையதாகக்கூட இருக்கும். இன்னும் எழுதலாம் என்று வந்தேன், மணி மூன்றே முக்கால், இப்போதுதான் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டுவிட்டு வருகிறேன்.